கழட்டுனதைத் தூக்கிப் போட்றாத கண்ணு

வா கண்ணு, வா. நீ இட்டேரி முக்குல திரும்பும்போதே தெரிஞ்சு போச்சு. கட்டுத்தறியில படுத்திருந்த எருமை வெடுக்குனு எந்திரிச்சு நின்னுக்குச்சு. உன்ற அம்மாயி, "நெல்லு மிசின்காரன் நம்மூட்டுக்கு எதுக்கு வாரான்?"னு கேக்கறா. நாந்தான் சொன்னேன், "மிசின் இல்ல புள்ள, நம்ம பேரன். கம்ப்யூட்டர்ல சம்பாரிச்சு 1973ஆம் வருசத்து அம்பாசிடர் வாங்கியிருக்கறான்"னு.

நல்ல காரியம் பண்ணுன. அவனவன் தொட்டா ஓடற வண்டி வாங்கறான். நீ தள்ளுனா ஓடற வண்டி வாங்கியிருக்கற. ஒடம்புக்கு நல்லது.

அது பத்தலைன்னு இப்ப வேகமா வேற ஓட வெக்கோணுமாக்கும்? போனைக் குடு பாக்கலாம். எழுதி வேற வெச்சிருக்கற! ரெட்டைக் கார்புரேட்டரு, ரேஸ் கேமு, லேசான ஃப்ளைவீலு, ஹெட் ஃபேசிங்கு, எக்ஸாஸ்ட் பைப்பு… கல்யாணச் சீர் பட்டியலாட்ட இருக்குது சாமி. பொண்ணு மட்டுந்தான் இதுல இல்ல. கேட்டது கேட்டுட்ட, சொல்றேன். முப்பது வருசம் லேத்துப் பட்டறையில கிரீஸோட கெடந்தவன் நான். இப்ப மாட்டுக்குத் தீனி வெக்கறேன். ரெண்டு வேலைக்கும் வித்தியாசம் கொஞ்சந்தான். மாடு சொன்னா கேக்கும்.

பானெட்டைத் தூக்கு. ம்ம்… கார்புரேட்டர் மூடியில ஒரு வெட்டு இருக்குது பாத்தயா? பிறை நெலாவாட்ட? அதைப் பத்திக் கடைசியில சொல்றேன். ஞாபகம் வெச்சுக்க.

உன்ற வண்டி பொறப்புல மட்டமில்ல கண்ணு. இங்கிலாந்துல மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாம் வரிசைன்னு ஒரு காரு. அதைத்தான் கல்கத்தாப் பக்கத்துல உத்தர்பாராவுல வெச்சு அம்பாசிடர்னு பேரு மாத்தி, 2014 வரைக்கும் செஞ்சுட்டிருந்தாங்க. உள்ள இருக்கறது பி.எம்.சி. பி-சீரிஸ் இன்ஜினு. போரு 73 மில்லிமீட்டரு, ஸ்ட்ரோக்கு 89, மொத்தம் 1489 சி.சி. 1955ல எம்.ஜி.ஏ.ன்னு ரெண்டு பேரு உக்கார்ற, மூக்கு நீண்ட, மேல கூரையில்லாத காரு ஒண்ணு அபிங்டன் ஊர்ல இருந்து வந்துச்சு. அதுக்குள்ளயும் இதே 1489தான். அங்க அது 68 குதிரை இழுத்துச்சு. உன்ற வண்டியில ஐம்பது சொச்சம். ஒரே வயித்துல பொறந்த அண்ணந் தம்பி. ஒருத்தன் பட்டாளத்துக்குப் போனான், இன்னொருத்தன் தாலுக்கா ஆபீசுக்குப் போனான். சாப்பாடு ஒண்ணு, ஓட்டம் வேற.

அந்தப் பதினஞ்சு குதிரை எங்க போச்சு? பழைய டியூனிங்காரன் பண்ணுன வேலை பூராவும் இந்த ஒரு தேடல்தான். அவன் வெளிய இருந்து குதிரை வாங்கிட்டு வரல. உள்ள கட்டிக் கெடந்ததை அவுத்து விட்டான்.

சரி, நம்ம பக்கம் ரேக்ளாவுக்குக் காளை பழக்கறவனைப் பாத்திருக்கறயல்ல? 200 மீட்டரு, 300 மீட்டரு ஓட்டம். அதுக்கு அவன் பண்ற மொத வேலை என்ன? சாட்டை வாங்கறதா? மாட்டோட பல்லைப் பாப்பான், குளம்பைப் பாப்பான், சாணி எளகலா கெட்டியான்னு பாப்பான். நீ என்ன பாத்த? நாலு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் அளந்தயா? டேப்பட் சரி பண்ணுனயா? பாயிண்ட் தேஞ்சிருக்குதா, டிஸ்ட்ரிபியூட்டர்ல அட்வான்ஸ் ஸ்பிரிங் தொங்குதா, வால்வு ஒழுங்கா உக்காருதா? ஒண்ணுமில்ல. சீக்கு மாட்டுக்குப் பந்தய லாடம் அடிக்க வந்திருக்கற. பேஷ். காணாமப் போன குதிரையில பாதி அங்கதான் படுத்துக் கெடக்கும். ஆனா அதைச் சரி பண்ணுனா போட்டோப் புடிச்சுப் போட முடியாது பாரு, அதான் உனக்குப் புடிக்கல.

இந்தக் கார்புரேட்டருக்கு வருவோம். இதும் பேரு எஸ்.யூ. விரிச்சுச் சொன்னா ஸ்கின்னர்ஸ் யூனியன். ஸ்கின்னர் குடும்பத்துக்கு லண்டன்ல செருப்பு யாவாரம். அந்தூட்டுப் பையன் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1900க்கு அப்பறம் இதைக் கண்டுபுடிச்சப்ப, உள்ள மேலயும் கீழயும் போயி வர்றதுக்குத் தோல்லதான் துருத்தி வெச்சானாம். பின்ன? செருப்புக்காரன் ஊட்டுல தோலுக்கா பஞ்சம்? அப்பறந்தான் தோலு போயி பிஸ்டன் வந்துச்சு. இன்ஜின் எவ்வளவு காத்து இழுக்குதோ அவ்வளவுக்கு இந்தப் பிஸ்டன் மேல போகும். அடியில தொங்கற ஊசி, ஜெட்டுல அவ்வளவுக்கே வழி விடும். கேட்ட அளவுக்குச் சோறு போடற கை. அந்த ஊசியை மாத்தறதுதான் அந்தக் காலத்து டியூனிங். சுண்டுவிரல் நீளமில்லாத ஒரு ஊசி. அது எங்க தடிமன், எங்க மெலிசுங்கறதுலதான் ரகசியமே.

இப்ப மூடியை முறுக்கிப் பாரு. உள்ள எண்ணெய் இருக்குதா? காஞ்சு கெடக்குது. மிதிச்சா வண்டி ஒரு கணம் திக்குதுன்னு சொன்னயே, அது இதுதான். எண்ணெய் இல்லைன்னா பிஸ்டன் திடுக்குனு மேல போயிரும், பெட்ரோல் பத்தாமக் காத்து மட்டும் உள்ள போகும். ஒரு ஸ்பூன் லேசான எண்ணெய் ஊத்து. அம்பது ரூவாயில பிக்கப்பு. இதையும் உன்ற பட்டியல்ல சேத்திக்க. அழகா இருக்காது, ஆனா ஓடும்.

எம்.ஜி.ஏ.வுக்கு ரெண்டு எஸ்.யூ. இருந்துச்சே, எனக்கும் ரெண்டு வேணும்னு நிக்கற. வாங்கி மாட்டு. ரெண்டு மாடு பூட்டுன ஏர் ஓட்டியிருக்கறயா? ஒண்ணு இழுக்கும், இன்னொண்ணு அதும் பின்னால உலாத்தும். அதுக்குத்தான் ஒரு ரப்பர் ட்யூபை எடுத்து, ஒரு முனையைக் காதுலயும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலயும் வெச்சு, 'உஸ்ஸ்' சத்தம் ரெண்டுலயும் ஒண்ணா இருக்குதான்னு கேக்கோணும். எங்காலத்துல பட்டறைக்குப் பட்டறை அப்புடியொரு காதுக்காரன் இருந்தான். நீ காதுல ரெண்டு வெள்ளைப் பொட்டு சொருகியிருக்கறயே, அதைக் கழட்டுனாத்தான் அதெல்லாம் கேக்கும்.

இனி ஹெட்டு. இங்கதான் விசயமே இருக்குது. நாலு சிலிண்டரு, ஆனா உள்ள மூச்சு வாங்க ரெண்டே ஓட்டை. ஒண்ணும் ரெண்டும் ஒரு வாயில குடிக்கோணும், மூணும் நாலும் இன்னொரு வாயில. வெளிய புகை விட மூணு ஓட்டை. ஓரத்துல ரெண்டு, நடுவுல ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் கூட்டா ஒண்ணு. ஆக அஞ்சு வாசல். தீப்புடிக்கற வரிசை 1-3-4-2. எண்ணிப் பாரு. மூணு குடிச்ச கையோட நாலு குடிக்கும். ரெண்டு குடிச்ச கையோட ஒண்ணு குடிக்கும். பொறகு அந்த வாய்க்கால் ரொம்ப நேரம் சும்மா கெடக்கும்.

உனக்குத் தெரியுமோ என்னமோ, பங்காளிக ரெண்டு பேரு ஒரே வாய்க்கால்ல மொறை வெச்சுத் தண்ணி கட்டறப்ப என்ன நடக்கும்? மொதல்ல மடை திறக்கறவன் காஞ்ச வாய்க்காலை நனைச்சே பாதி நேரத்தைத் தொலைப்பான். ரெண்டாவது ஆளுக்கு ஓட்டம் புடிச்ச தண்ணி வந்து விழும். அதே வழக்குத்தான் இங்கயும். ஒரு சிலிண்டருக்குக் கொஞ்சம் சேத்தி, ஒண்ணுக்குக் கொஞ்சம் கொறைச்சல். இந்த வழக்கை எந்தத் தாசில்தாரும் தீர்க்க முடியாது, அச்சுலயே அப்புடி. ஹாரி வெஸ்லேக்குன்னு ஒரு கெட்டிக்காரன் வேலை செஞ்ச ஹெட்டு இது. எரியற அறையை நெஞ்சாங்கொலை வடிவத்துல வளைச்சு, உள்ள வர்ற காத்தைத் திருப்பி விட்டான். அவனே வாசலை ரெண்டோட விட்டுட்டான்னா, நீயும் நானும் என்ன பண்ணிருவோம்?

பண்ணலாம். கொஞ்சம் பண்ணலாம். மேனிஃபோல்டு ஓட்டையும் ஹெட்டு ஓட்டையும் நேருக்கு நேரா உக்காராது, நடுவுல கேஸ்கெட் நாக்கு நீட்டிட்டிருக்கும். அதைக் கிரைண்டர்ல மெல்லத் தேச்சு ஒண்ணுபோல ஆக்கலாம். வார்ப்புல நிக்கற பிசிறு, வால்வு அடியில இருக்கற முட்டு, அதுகளை வழிக்கலாம். எம்.ஜி. கம்பெனியே மொத படி, ரெண்டாவது படின்னு டியூனிங்குக்குச் சின்னப் புஸ்தகம் போட்டுக் குடுத்தாங்க, அவ்வளவு வழக்கமான வேலை. ஆனா கண்ணாடியாட்ட பாலிஷ் போட்றாத. உள்ள போற வழி கொஞ்சம் சொரசொரன்னு இருந்தாத்தான் பெட்ரோல் துளி சொவத்துல ஒட்டி ஒழுகாமக் காத்தோட கலந்து போகும். அப்பறம் இன்னொண்ணு. அந்தச் சொவத்துக்கு அந்தப் பக்கம் தண்ணி ஓடுது. நம்ம காட்டுல ஆயிரம் அடி போர் போட்டும் வராத தண்ணி, ஹெட்டுல ரெண்டு மில்லி சேத்தித் தோண்டுனா குபுகுபுன்னு வந்துரும்.

ஹெட் ஃபேசிங்கா? அதுல நாந்தான் உனக்கு வாத்தியாரு. தோத்த வாத்தியாரு.

கணக்கைக் கேளு. 1489ஐ நாலாப் பங்கு போட்டா ஒரு சிலிண்டருக்கு 372 சி.சி. அழுத்த விகிதம் 7.2ன்னா, பிஸ்டன் மேல வந்து நிக்கறப்ப மிச்சம் இருக்கற எடம் 60 சி.சி. எம்.ஜி.ஏ.வுல விகிதம் 8.3, அங்க மிச்சம் 51. ஆக அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவுல இருக்கற தூரம் ஒம்பது சி.சி., ரெண்டு ஸ்பூன் தண்ணி கூட இல்ல. லேத்துக்காரன் ஹெட்டைப் புடிச்சு மயிரிழை மயிரிழையாச் சீவி அந்த ரெண்டு ஸ்பூனை எடுக்கோணும். எவ்வளவு எடுத்தோம்னு பாக்க, ஹெட்டைக் குப்புறப் போட்டு, மேல கண்ணாடியை வெச்சு, சிரிஞ்சுல மண்ணெண்ணெய் ஏத்தி நாலு அறையும் ஒண்ணான்னு அளக்கோணும். நான் மாட்டுக்கு ஊசி போடற சிரிஞ்சுல அளந்தவன்.

எதுக்கு அளந்தேன்னு கேளு. வாலிபத்துல லாரியில தொத்திட்டுப் போயி சோழவரத்துல ரேஸ் பாத்தேன். ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். வெயில்ல காரு வரும்போது சத்தம் மொதல்ல வரும், காரு பின்னால வரும். பாத்துட்டு ஊருக்கு வந்த நான் மனுசனா வரல. பட்டறைக்கு ஓவர்ஹாலுக்கு வந்த ஒரு அம்பாசிடர் ஹெட்டைக் கழட்டி, கணக்குக்கு மேல 'இன்னொரு சீவல், இன்னொரு சீவல்'னு சீவிட்டேன். சொந்தக்காரருகிட்டச் சொல்லல. அவரு குடும்பத்தோட வால்பாறைக்குக் கெளம்பறாரு, டிரைவர் இல்ல, நீ வாடான்னு என்னையே கூட்டிட்டுப் போனாரு. சாமி கணக்கு வெச்சுத்தான் நடத்துது பாரு.

ஆழியாத்துல இருந்து வால்பாறைக்கு நாப்பது கொண்டை ஊசி வளைவு. மூணாவதுல தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டுனாப்பல சத்தம். நாக்கிங். பிளக் தீயைப் பத்த வெக்கறது ஒரு பக்கம், அமுக்கம் தாங்காமப் பெட்ரோல் தானாப் பத்திக்கறது மறுபக்கம். ரெண்டும் பிஸ்டன் தலை மேல மோதிக்கும். ஒம்பதாவதுல ஹெட் கேஸ்கெட் போச்சு. அங்க இருந்து பாத்தா ஆழியாறு டேம் அம்சமாத் தெரியும். ஊரே எறங்கிப் போட்டோப் புடிக்கும். நான் ரேடியேட்டருக்குத் தண்ணி தேடிட்டு எறங்குனேன். பொறகு அந்த ஹெட்டுக்குத் தடிமனா ஒரு கேஸ்கெட் வெச்சு, எடுத்த ரெண்டு ஸ்பூனைத் திருப்பி வெச்சேன். கூலியில்லாம.

'அப்புச்சி பட்டறைப் பையன், அதான்'னு சிரிக்கற. பெரிய கம்பெனியே சறுக்குன எடம் இது. 1958ல எம்.ஜி.ஏ. ட்வின் கேம்னு விட்டாங்க. அடிப்பாகம் இதே பி-சீரிஸ், 1588 சி.சி. மேல ரெண்டு கேம் வெச்ச அலுமினிய ஹெட்டு. விகிதம் 9.9. 108 குதிரை! ஓடுச்சு, பறந்துச்சு, பிஸ்டன்ல ஓட்டை விழுந்துச்சு. கடைசியில 8.3க்கு எறக்குனாங்க. அதுக்குள்ள பேரு கெட்டுப் போச்சு. 1960ல கடையை மூடுனாங்க. மொத்தமே 2,111 வண்டி. கோட்டும் சூட்டும் போட்டவன் சீவுனாலும் ஹெட்டு ஹெட்டுத்தான் கண்ணு.

இன்னிக்குப் பெட்ரோல் அந்தக் காலத்தைவிட நல்லது, அதனால கொஞ்சம் சீவலாங்கறது நெசந்தான். ஆனா 2000 பிப்ரவரியோட ஈயம் போட்ட பெட்ரோல் போயிருச்சு. அந்த ஈயந்தான் வால்வு உக்கார்ற எடத்துக்குப் பூச்சாட்ட இருந்துச்சு. வேகமா ஓட்டறதா இருந்தா கெட்டியான சீட்டு வெட்டிப் போடோணும். இப்ப பெட்ரோல்ல அஞ்சுல ஒரு பங்கு எத்தனால் வேற. பழைய ரப்பர் ஓஸெல்லாம் கொழகொழன்னு ஆகும். கலவை மெலிஞ்சு போகும், ஜெட்டைக் கொஞ்சம் எறக்கி வெக்கோணும். உன்ற பட்டியல்ல ரப்பர் ஓஸ் இருக்குதா? இல்ல. ஸ்டிக்கர் இருக்குது.

கேமுக்கு வருவோம். ரேஸ் கேமுங்கறது வால்வை அதிக நேரம் திறந்து வெக்கறது. உள்வாசலும் வெளிவாசலும் சித்த நேரம் ஒண்ணாத் திறந்திருக்கும். மேல வேகத்துல அது நல்லது. ஆனா சிக்னல்ல நிக்கும்போது, பஞ்சாயத்துல நிக்கற பொய்ச்சாட்சியாட்ட வண்டி வெடவெடன்னு நடுங்கும். எம்.ஜி.ஏ. 68 குதிரை குடுக்கறது 5500 சுத்துல. நொடிக்குக் கிட்டத்தட்ட 92 தடவை ஒவ்வொரு பிஸ்டனும் ஏறி எறங்கோணும். உன்ற கிராங்கைத் தாங்கறது மூணே மூணு மெயின் பேரிங். அது சரி, உக்கடத்துல இருந்து காந்திபுரம் போறதுக்குள்ள 5500 சுத்து எங்க கண்ணு வரும்? மூணாவது கியர் போடறதே நோம்பிக்கு நோம்பி.

ஃப்ளைவீலை லேத்துல சீவறதா? ஒரு விரக்கடை எளைச்சா இன்ஜின் வெரசா ஏறும், மேட்டுல வெரசா நின்னும் போகும். வார்ப்பிரும்புச் சக்கரத்தை அளவுக்கு மீறிச் சீவுனா வெடிக்கும், அதும் உன்ற காலுக்குப் பக்கத்துலயே. எக்ஸாஸ்ட்டை நீளமா, வளைவு கொறைச்சலா வெச்சா ரெண்டு குதிரை நெசமாக் கிடைக்கும். சத்தத்துல கிடைக்கற இருவது குதிரை காதுல மட்டும் ஓடும். எருமையைக் கேட்டுப் பாரு.

பட்டியலை மறுபடி பாக்கறேன். ஓடறதைப் பத்தி மூணு பக்கம். நிக்கறதைப் பத்தி ஒரு வரி? ஒரு டன்னுக்கு மேல எடை, நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக்கு. ரெண்டு தடவை வேகத்துல மிதிச்சா மூணாவது தடவை 'யோசிச்சுச் சொல்றேன்'ங்கும். ரேக்ளாவுல கூட எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் காளை நிக்கறதுக்குன்னு தனியா எடம் விட்டிருப்பான். நீ எங்க விட்டிருக்கற, அடுத்தவன் டிக்கியிலயா? இன்ஜின் ஒரு கூட்டுக் குடும்பம் சாமி. மூத்தவனை ஊக்கி விட்டா, சுமை இளையவன் தலையில எறங்கும். மூச்சைக் கூட்டுனா சூடு கூடும், சூடு கூடுனா ரேடியேட்டர் அழுகும், அதையும் சரி பண்ணுனா கிளட்ச் வழுக்கும், கிளட்ச்சையும் மாத்துனா பிரேக்கு கையெடுத்துக் கும்புடும். பழைய கெட்டிக்காரன் ஒரு மாத்தம் பண்ணுவான், ஒரு மாசம் ஓட்டுவான், பொறகுதான் அடுத்ததுக்குப் போவான். நீ எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆர்டர் போட்டிருக்கற.

சட்டம் தெரியுமா? கம்பெனி செஞ்சதை உன்ற இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்லுது. அதும்போக, 2021ல ஒரு விதி போட்டாங்க. அம்பது வருசம் தாண்டுன வண்டிக்கு 'வி.ஏ.'ன்னு தனி நம்பர் குடுக்கறாங்க, விண்டேஜுன்னு மரியாதை. ஆனா சேசிஸ், பாடி, இன்ஜின் இதுல பெருசா மாத்தம் பண்ணியிருக்கக் கூடாது. உன்ற வண்டி 1973. இப்பத்தான் மரியாதை கிடைக்கற வயசு. அம்பது வருசம் காத்திருந்து, மாலை போட வர்ற அன்னிக்கு மீசையை மழிச்சுட்டு நிக்கறயே, நீயல்லவா என்ற பேரன்!

கோவிச்சுக்காத. எதையும் பண்ணாதேன்னு நான் சொன்னனா? பண்ணு, பண்ணு. வயசுல பண்ணாம எப்பப் பண்றது. ஒரு புத்தி மட்டும் கேட்டுக்க. கழட்டுனதைத் தூக்கிப் போட்றாத. இங்க கொண்டாந்து குடு. வா, அட்டாலியைக் காட்டறேன். தலை, தலை, பாத்து.

இந்த ஏர் ஃபில்டர் டப்பா உன்ற பெரிய மாமன் கழட்டுனது. இந்த மேனிஃபோல்டு பொள்ளாச்சிக்காரரோடது. அந்தக் கேமு, ஒரு வக்கீல் மகன் ரேஸ் கேம் போடறேன்னு கழட்டுனது. எல்லாரும் 'வேண்டாம் அப்புச்சி, வெச்சுக்க'ன்னு குடுத்துட்டுப் போனவங்கதான். ஆறு மாசம், மிஞ்சுனா ஒரு வருசம். தலையைச் சொறிஞ்சுட்டு வந்து நிப்பாங்க. நானும் ஒறவாச்சேன்னு கொறைச்சுத்தான் வாங்கறேன்.

அந்த வெட்டு ஞாபகம் இருக்குதா, கார்புரேட்டர் மூடியில? இந்த ஆணியைப் பாரு. இதுல மாட்டும்போது உரசி உரசி விழுந்த வெட்டு அது. உனக்கு வண்டி வித்தானே புரோக்கரு, 'எல்லாம் ஒரிஜினல் சார்'னு? போன தை மாசம் இங்க வந்து மூவாயிரத்துக்கு வாங்கிட்டுப் போனான்.

நீ ரெட்டைக் கார்புரேட்டர் மாட்டு கண்ணு, சந்தோசமா மாட்டு. அன்னில இருந்து இந்த ஆணி காலியாத்தான் கெடக்குது.